வரிசையில் காத்திருக்கும் குழந்தைகள்: தொடக்கப்பள்ளி உடற்கல்வி குறித்து வாசகர் கேள்வி–பதில்

தொடக்கப்பள்ளிகளில் விளையாட்டையும் உடற்கல்வியையும் வளர்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு நெடுங்காலம் உடற்கல்வி கற்பித்து, இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துவருபவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உள்ளன. உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் இல்லை. வகுப்பாசிரியர்களே அந்தப் பாடவேளையில் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்கிறார்கள். பந்தைக் கொடுத்தால் குழந்தைகள் தாமாக விளையாடிக்கொள்கிறார்கள். இதை முறையான திட்டமாக மாற்ற விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்? – ஒரு தலைமையாசிரியர்

பதில்: கருவிகளின் பட்டியலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், முதலில் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடவேளை முழுவதும் ஓரமாக நின்று, முந்திக்கொண்டு ஓடாத, குரலை உயர்த்தாத ஒரே ஒரு குழந்தையை மட்டும் கவனியுங்கள். அந்தக் குழந்தை உண்மையிலேயே உடலை அசைத்து இயங்கிய நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் இப்படி ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியைக் கவனித்தேன். 40 நிமிடப் பாடவேளையில், வகுப்பிலிருந்து வெளியே வந்து வரிசையில் நிற்க 9 நிமிடம் போயிற்று. ஆசிரியர் விளக்கம் சொல்ல 6 நிமிடம். தன் முறை வரும்வரை காத்திருந்தது 14 நிமிடம். மிச்சமிருந்த 11 நிமிடங்களில் பந்து அவள் கைக்கு இரண்டே முறை வந்தது. முதல் முறை தவறவிட்டாள். இரண்டாம் முறை பிடித்த உடனே இன்னொரு குழந்தை அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டது. தொலைவிலிருந்து பார்த்தவருக்கு அந்த வகுப்பு ஆரவாரமும் உற்சாகமுமாகத்தான் தெரிந்திருக்கும். அந்த ஆசிரியர் நான்தான் என்பதால் அந்த எண்கள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பாடவேளையின் நேரத்தில் குறைந்தது பாதியாவது ஒவ்வொரு குழந்தையும் மூச்சு வேகமாகும் அளவுக்கு இயங்க வேண்டும் என்பது உடற்கல்வித் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். உங்கள் திட்டம் சரியாக நடக்கிறதா என்பதை வகுப்பின் சராசரியைக் கொண்டு பார்க்காதீர்கள். மிகக் குறைவாக இயங்கிய குழந்தையைக் கொண்டு பாருங்கள். நான் கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு கண்ணோட்டத்திலிருந்து கிளைப்பவைதான்.

அடுத்து, என்ன கற்பிப்பது என்னும் கேள்வி. தொடக்கப்பள்ளியின் வேலை ஏதாவதொரு விளையாட்டைக் கற்பிப்பதன்று. எந்த விளையாட்டுக்கும் அடிப்படையான அசைவுகளைக் கற்பிப்பது. இவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். இடம் விட்டு இடம் பெயரும் அசைவுகளான ஓடுதல், தாவுதல், நொண்டியடித்தல், பக்கவாட்டில் நகர்தல் போன்றவை ஒரு தொகுதி. ஒற்றைக்காலில் நிற்றல், உருளுதல், திரும்புதல், குதித்து நிலைகொள்ளுதல் என உடலை நிலைப்படுத்தும் அசைவுகள் இன்னொரு தொகுதி. எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல் எனப் பொருளைக் கையாளும் அசைவுகள் மூன்றாவது. வயது ஏறினால் இவையெல்லாம் தாமே வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஓடுவது பெரும்பாலும் வந்துவிடும். எறிவதும் பிடிப்பதும் அப்படி வருவதில்லை. எழுத்தைக் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பதைப்போல இவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தை பந்தை எறிவதை அருகில் நின்று பாருங்கள். உடல் இலக்குக்கு நேர் எதிரே இருக்கும். பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். முழங்கை மட்டும் மடங்கி நிமிரும். பந்து சில அடி தள்ளித் தொப்பென்று விழும். சற்றுத் தேறிய குழந்தை ஒரு காலை முன்னே வைக்கும். ஆனால் எறியும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் காலையே வைக்கும். இதைத் திருத்த நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளித் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு பாதங்களை வரையுங்கள். அவற்றின்மேல் நின்றால் குழந்தையின் தோள் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். எறியாத கையைச் சுவரை நோக்கி நீட்டச் சொல்லுங்கள். எதிர்க்காலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு, ‘சுவரில் சத்தம் கேட்கிற மாதிரி எறி’ என்று மட்டும் சொல்லுங்கள். தொடக்கத்தில் சிறிய இலக்கைக் காட்டிக் குறி பார்த்து எறியச் சொன்னால் குழந்தை உடலைச் சுருக்கிக்கொள்ளும். வலுவாக எறியச் சொன்னால் இடுப்பும் தோளும் தாமாகவே திரும்பத் தொடங்கும். குறி பார்ப்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிடிப்பதும் இப்படித்தான். பந்து வரும்போது சிறு குழந்தை கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது அச்சம், அதை அதட்டிப் போக்க முடியாது. மெல்லிய கைக்குட்டையை மேலே எறிந்து பிடிக்கச் சொன்னால், அது மிதந்து இறங்குவதற்குள் கண்ணும் கையும் ஒன்றுசேர நேரம் கிடைக்கும். அடுத்து பலூன், அடுத்து தரையில் ஒருமுறை எழும்பி வரும் மென்பந்து, அதற்கும் பிறகே நேரே வரும் பந்து. இந்த வரிசையைப் பொறுமையாகக் கடக்கவைத்தால், பந்தைக் கண்டால் ஒதுங்கும் குழந்தைகள் பெரும்பாலும் ஒதுங்குவதை விட்டுவிடுகிறார்கள்.

இதை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அடிப்படை அசைவுகளும் கற்பனை விளையாட்டுகளும் போதும். மூன்றாம் வகுப்பில் ஓடிக்கொண்டே பிடிப்பது, உருண்டு எழுந்து எறிவது என்று இரண்டு மூன்றை இணைக்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர் ஆடும் சிறு ஆட்டங்களுக்குப் போகலாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் ஒரு பருவத்துக்கு ஐந்தாறு பாடங்களைக் கொண்ட ஒரு தாளைக் கொடுங்கள்; தடித்த கையேட்டைக் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரம் முழுவதையும் சராசரியாகப் பார்க்கையில் நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் வாரத்தில் மூன்று நாள்களாவது இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அமெரிக்க உடற்கல்வியாளர்களின் அமைப்பான ஷேப் அமெரிக்கா, தொடக்கப்பள்ளிக்கு வாரம் 150 நிமிட உடற்கல்வியைப் பரிந்துரைக்கிறது. பாடவேளைகளால் மட்டும் 60 நிமிடத்தை எட்ட முடியாது. இடைவேளையையும் வகுப்பறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை 2012-இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ என்னும் ஏற்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடை மாற்றாமல், கருவி எதுவும் இல்லாமல், 15 நிமிடம் குழந்தைகள் தத்தம் வேகத்தில் ஓடியோ நடந்தோ வருகிறார்கள், அவ்வளவுதான். எளிமையாக இருந்ததால்தான் அது பல நாடுகளுக்குப் பரவியது. பின்லாந்தில் 2010-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய ‘இயங்கும் பள்ளிகள்’ திட்டமோ, பாடம் நடக்கும்போதே குழந்தைகளை எழுந்து இயங்கவைப்பதையும் இடைவேளையைச் சுறுசுறுப்பாக்குவதையும் முதன்மையாகக் கொண்டது. இவை உடற்கல்விப் பாடத்துக்கு மாற்று ஆகமாட்டா. 15 நிமிடம் ஓடுவதால் நெஞ்சு வலுப்பெறும். பந்தைப் பிடிக்கக் கை பழகாது.

கேள்வி: என் வகுப்பில் 40 குழந்தைகள். பள்ளியில் மூன்று பந்துகள்தான் உள்ளன. முற்றமும் சிறியது. வரிசையில் நிற்கவைக்காமல் எப்படிச் சமாளிப்பது? – ஒரு வகுப்பாசிரியை

பதில்: முதல் இரண்டு வாரங்கள் விளையாட்டு எதையும் தொடங்காதீர்கள்; ‘நில்’ என்பதை மட்டும் பழக்குங்கள். எல்லைக்கோட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் ஒரே ஒரு விசிலுக்கு அப்படியே உறைந்து நிற்பதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிட்டால், 40 பேரையும் சிதறவிட்டு வகுப்பு நடத்தும் துணிவு உங்களுக்கு வரும். அந்தத் துணிவு இல்லாதபோதுதான் நாம் வரிசைக்குத் திரும்புகிறோம்.

மூன்று பந்துகளை வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். பழைய செய்தித்தாளை இறுக்கிக் கசக்கி, ஒட்டுநாடாவைச் சுற்றினால் ஒரு பந்து. அதை வைத்து எறியலாம், பிடிக்கலாம்; துள்ள மட்டும் துள்ளாது. குழந்தைகளே ஒரு கைவேலைப் பாடவேளையில் ஆளுக்கொன்று செய்துவிடுவார்கள். தானியம் நிரப்பிய சிறு துணிப்பை, கயிறு, அட்டைப்பெட்டி, சுண்ணக்கோடு ஆகியவற்றைக்கொண்டு முற்றத்தை எட்டு இடங்களாகப் பிரியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து பேர், ஒரு வேலை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த இடத்துக்கு மாறச் சொல்லுங்கள். உங்களிடமுள்ள மூன்று பந்துகள் மூன்று இடங்களில் இருக்கட்டும். விளக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது விரைவானது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோற்றவர் வெளியே போய் உட்கார வேண்டிய விளையாட்டுகளைத் தொடக்கநிலையில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் குழந்தை. அதாவது, அதிகமாக ஓடிப் பழக வேண்டிய குழந்தை. அதை உட்காரவைத்துவிட்டு, நன்றாக ஓடுபவருக்கு மேலும் ஓடும் வாய்ப்பைக் கொடுக்கிறோம். பிடிபட்டவர் ஐந்து முறை குதித்துவிட்டு மறுபடியும் ஆட்டத்தில் சேரலாம் என்று ஒரு விதியை மாற்றினாலே அந்த அநீதி நீங்கிவிடும்.

பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே சிறுவர்களுக்குக் கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறுதான். கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் அதை 2.60 மீட்டராகக் குறைத்து, பந்தையும் சிறிதாக்கியிருக்கிறார்கள். உயரமான வளையத்தை நோக்கி எட்டு வயதுக் குழந்தை கனமான பந்தை வீச முயன்றால், முழங்காலுக்கு இடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கியெறியும். அந்தத் தவறான பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது எளிதன்று. களம், பந்து, ஆள் எண்ணிக்கை, நேரம் எல்லாவற்றையும் குழந்தையின் அளவுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சற்றுப் பருமனான உடல்வாகு. விளையாட்டுப் பாடவேளை உள்ள நாளில் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். அணி பிரிக்கும்போது எப்போதும் கடைசியாக மிஞ்சுவது தான்தான் என்று ஒருநாள் அழுதுகொண்டே சொன்னான். நான் என்ன செய்ய வேண்டும்? – ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது பொய் வலியாக இருக்காது, பயந்திருக்கும் குழந்தைக்கு வயிறு உண்மையிலேயே வலிக்கும். முதலில் அதை நம்புங்கள்.

இரண்டு தலைவர்களை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து அணி பிரிக்கும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது. யாருக்கு யார் வேண்டாம் என்பதை வகுப்பு முழுவதற்கும் முன்னால் வாரந்தோறும் அறிவிப்பதற்குச் சமமானது அது. ஆசிரியரே முன்கூட்டி அணிகளை எழுதிக்கொண்டு வரலாம். இல்லையெனில் வண்ணச் சீட்டு எடுக்கச் சொல்லலாம். ஆசிரியரைச் சந்திக்கும்போது ‘என் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘அணி பிரிப்பதை நீங்களே செய்ய முடியுமா?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பான வேண்டுகோளை ஏற்பது ஆசிரியருக்கு எளிது. பெரும்பாலோர் ஏற்கவும் செய்வார்கள்.

வீட்டில் அவனுடைய எடையைப் பற்றிய பேச்சை எடுக்க வேண்டாம். ‘ஓடினால் மெலிவாய்’ என்று சொல்லி ஓடவைத்தால், ஓட்டம் அவனுக்குத் தன் உடலின் குறையை நினைவூட்டும் வேலையாகிவிடும். சுவரில் பந்தை எறிந்து பிடிக்கும் ஆட்டத்தை நாள்தோறும் பத்து நிமிடம் அவனோடு ஆடுங்கள். தவறவிடாமல் தொடர்ந்து எத்தனை முறை பிடித்தான் என்று எண்ணுங்கள். நேற்று நான்கு, இன்று ஆறு என்று அவனை அவனோடு மட்டும் ஒப்பிடுங்கள். வலுவாகத் தள்ளுவது, இழுப்பது, எறிவது போன்ற செயல்களில் இத்தகைய உடல்வாகுள்ள குழந்தைகள் பலர் சிறந்து விளங்குகிறார்கள். பள்ளியில் ஓட்டத்தை மட்டுமே விளையாட்டு என்று வைத்திருப்பதால் அவர்களுடைய திறமை தெரியாமல் போகிறது.

கூடவே ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். பந்தைப் பிடிப்பதில் மட்டுமல்லாமல் பித்தானைப் போடுவது, காலணிக் கயிற்றைக் கட்டுவது, எழுதுவது ஆகியவற்றிலும் அவன் ஒத்த வயதுக் குழந்தைகளைவிடப் பெரிதும் தடுமாறுகிறானா? அப்படியானால் அது அசைவு ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருக்கிறது. சோம்பலென்றும் கவனக்குறைவென்றும் பெயர் வாங்கிக்கொண்டு பலர் கண்டறியப்படாமலே வளர்ந்துவிடுகிறார்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் பார்வையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் தவறு செய்யும் மாணவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதும், வீட்டுப்பாடம் முடிக்காதவர்களை விளையாட்டுப் பாடவேளையில் உட்கார்ந்து எழுதச் சொல்வதும் எங்கள் பள்ளியில் நடக்கின்றன. சரியா? – ஓர் இளம் ஆசிரியர்

பதில்: இரண்டுமே தவறு. ஓடுவதைத் தண்டனையாக்கினால், ஓடுவது வெறுக்கத்தக்கது என்று குழந்தைக்கு நாமே கற்பிக்கிறோம். கணக்குப் பாடவேளையைப் பறித்து ஒரு குழந்தையைத் தண்டிக்க நாம் நினைப்பதில்லை, உடற்கல்வியும் பாடம்தான். அசையாமல் உட்கார முடியாத குழந்தைகளே பெரும்பாலும் தண்டனைக்கு உள்ளாகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விளையாட்டு மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

கேள்வி: உடற்கல்விக்கு நேரம் ஒதுக்கினால் தேர்வு மதிப்பெண் குறைந்துவிடாதா? – ஒரு தந்தை

பதில்: குறையாது. இந்தக் கேள்வியைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பாட நேரத்தில் ஒரு பகுதியை உடற்கல்விக்குக் கொடுத்த பள்ளிகளில் கற்றல் சரிந்ததாகக் காணப்படவில்லை. உடலியக்கத்துக்குப் பிறகு கவனம் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் மதிப்பெண்ணுக்கு உதவும் என்பதற்காக மட்டும் விளையாட்டை ஆதரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்று 31-ஆம் பிரிவில் கூறுகிறது. வேறெதற்கும் பயன்படாவிட்டாலும் அந்த உரிமை அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கால்பந்தில் கெட்டிக்காரி என்று பயிற்சியாளர் சொல்கிறார். வாரம் ஆறு நாள் கால்பந்துப் பயிற்சிக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறார். பள்ளியில் மற்ற விளையாட்டுகளிலிருந்து விலக்குக் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். ஏழு வயதில் ஒரே விளையாட்டில் இறங்குவதால் பெரும்பாலான விளையாட்டுகளில் பிற்காலத்தில் கூடுதல் பயன் கிடைப்பதில்லை; சலிப்பும் காயமும்தான் முன்கூட்டி வருகின்றன. வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, தசைநாரைவிட வலுக்குறைந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த இடத்தில் சிதைவு ஏற்படக்கூடும். ஒரே விளையாட்டில் முழுமையாக ஈடுபடுவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவதே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு கருதுகிறது. ஒழுங்கமைந்த பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது குழந்தையின் வயதை மிஞ்சக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. உங்கள் மகளுக்கு அது ஏழு மணி நேரம். வாரத்தில் ஓரிரு நாள் முழு ஓய்வும் வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஜனவரி முதல் நாளை எல்லையாக வைத்து ஒரு வயதுப் பிரிவை அமைத்தால், அந்தப் பிரிவில் ஜனவரியில் பிறந்த குழந்தை டிசம்பரில் பிறந்த குழந்தையைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்ததாக இருக்கும். ஏழு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. உயரத்திலும் வலுவிலும் அது நன்றாகவே தெரியும். மூத்த குழந்தையைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுத்து, நல்ல பயிற்சியையும் கூடுதல் ஆட்டங்களையும் கொடுத்துவிட்டுப் பிறகு, பார்த்தீர்களா, எங்கள் தேர்வு சரிதான் என்கிறோம். கனடாவின் பனி ஹாக்கி வீரர்களிடையே ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்திருப்பதை 1980-களில் கண்டறிந்தார்கள். அதன்பின் பல விளையாட்டுகளில் இதே போக்கு உறுதியாயிற்று. தொடக்கப்பள்ளியில் பள்ளி அணி என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமென்றால், பருவத்துக்கொருமுறை ஆளை மாற்றுங்கள். தேர்வாகாத குழந்தைக்கும் அதே எண்ணிக்கையில் பயிற்சி கிடைக்கட்டும்.

கேள்வி: என் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். விளையாட்டு நேரத்தில் மதிப்பெண் எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறோம். அவனும் மகிழ்ச்சியாக எழுதுகிறான். வேறு என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியர்

பதில்: அவன் மகிழ்ச்சியாக எழுதுவதற்குக் காரணம், வேறெதையும் யாரும் அவனிடம் கேட்டதில்லை என்பதாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டிலும் இக்குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

இடம், செயல், கருவி, ஆட்கள் ஆகிய நான்கில் எதையேனும் ஒன்றை மாற்றினால் எந்த விளையாட்டிலும் எந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உடற்கல்வியில் நன்கு தேறிய வழிமுறை. ஓடிப்பிடிக்கும் விளையாட்டை மணல் தரையிலிருந்து சிமெண்டுத் தரைக்கு மாற்றுவது இடமாற்றம். தொடுவதற்கு அவன் கையில் மென்மையான நீண்ட குச்சியைக் கொடுப்பது கருவி மாற்றம். எல்லாரும் தரையில் உட்கார்ந்து, தாழ்வாகக் கட்டிய கயிற்றுக்கு மேல் பலூனைத் தட்டி ஆடுவது செயல் மாற்றம். நெதர்லாந்தில் 1956-இல் உருவான அமர்வுக் கைப்பந்து இன்று பாராலிம்பிக் விளையாட்டு என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்காகப் பந்துக்குள் மணி வைப்பதும் இந்த வகைதான். போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான கோல்பால், அந்த மணியோசையை வைத்தே ஆடப்படுகிறது.

மாற்றத்தை முடிவுசெய்யும் முன் அந்தச் சிறுவனிடமே கேளுங்கள். ‘உனக்காக மற்றவர்கள் எல்லாரும் நொண்டியடிக்கட்டும்’ என்பதுபோல் ஏதாவது செய்துவிட்டால், வகுப்பு முழுவதும் தன்னால் சிரமப்படுகிறது என்று அவன் கூசிப்போவான். அவனே ஒரு வழி சொல்லக்கூடும். என் அனுபவத்தில் குழந்தைகள் சொல்லும் வழி நாம் யோசித்ததைவிட எளிமையாகவே இருந்திருக்கிறது. மதிப்பெண் எழுதும் வேலை முறை வைத்து எல்லாருக்கும் போகட்டும்.

கேள்வி: ஆண்டு விளையாட்டு விழாவை மாற்றியமைக்க விரும்புகிறோம். போட்டியே வேண்டாம் என்று சிலரும், போட்டி இல்லாமல் என்ன விளையாட்டு என்று சிலரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து? – ஒரு பெற்றோர் ஆசிரியர் குழு

பதில்: போட்டியைக் குழந்தைகள் விரும்புகிறார்கள், நான் அதற்கு எதிரானவர் அல்லர். 20 குழந்தைகள் ஓட 300 குழந்தைகள் வெயிலில் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சிலரைச் சேர்த்துக் கலப்புக் குழுக்களை அமையுங்கள். ஓடுதல், தாண்டுதல், எறிதல், தடை கடத்தல் என்று பல இடங்களை ஒரே நேரத்தில் இயங்கவிடுங்கள். ஒவ்வொருவரின் முயற்சியும் குழுவின் கணக்கில் சேரட்டும். உலகத் தடகள அமைப்பின் சிறுவர் தடகளத் திட்டம் இப்படிக் குழு அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தாண்ட அஞ்சி நின்ற ஒன்றாம் வகுப்புச் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நான் மூன்று எண்ணுவேன், சேர்ந்து தாண்டலாம்’ என்று சொன்னதை இப்படியொரு விழாவில் பார்த்தேன். நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்கு ஓட்டப்பந்தயமும் வைக்கலாம். ஏறத்தாழ ஒத்த வேகமுள்ளவர்களை ஒரே சுற்றில் ஓடவிடுங்கள், கடைசி வரை யாருக்கும் வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்.

கேள்வி: ஆஸ்துமா உள்ள குழந்தைகளை விளையாடவிடலாமா? காயங்களுக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும்? – ஒரு வகுப்பாசிரியர்

பதில்: மருத்துவர் தடுத்தாலொழிய விளையாடவிடலாம். இன்ஹேலர் அலுவலக அறையில் பூட்டியிருக்கக் கூடாது. மைதானத்தில், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டினால் மூச்சிரைப்பு வருவது குறையும். வெயில் உச்சத்தில் பாடவேளையை வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. பாடம் தொடங்கும் முன் களத்தை ஒருமுறை நடந்து கல்லையும் கண்ணாடியையும் பொறுக்கிவிடுங்கள். தலையில் அடிபட்டு, தலைவலியோ வாந்தியோ குழப்பமோ தெரிந்தால், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் அன்று மறுபடியும் ஆடவிடாதீர்கள்; பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: உடற்கல்விக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? ஓட்ட நேரத்தை வைத்துத் தரவரிசை போடலாமா?

பதில்: தரவரிசை வேண்டாம். ஓட்ட நேரம் பெரும்பாலும் குழந்தையின் உயரத்தையும் பிறந்த மாதத்தையும் சொல்கிறது. அது என்ன கற்றுக்கொண்டது என்பதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எறிதல், பிடித்தல், நிலைகொள்ளுதல் என மூன்றே அசைவுகளைப் பருவத்துக்கொருமுறை உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஒருமுறை நான் எழுதிய பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: முதல் பருவம் – கைக்குட்டையைப் பிடிக்கிறான், பந்து வந்தால் கண்ணை மூடுகிறான். இரண்டாம் பருவம் – பலூனை இரண்டு கையாலும் பிடிக்கிறான், கண் திறந்திருக்கிறது. மூன்றாம் பருவம் – ஒருமுறை எழும்பிய பந்தை மார்பில் அணைக்காமல் கையாலேயே பிடித்தான், ஐந்துக்கு மூன்று. அந்தப் பக்கத்தைப் பெற்றோருக்கு அனுப்பும் முன் சிறுவனிடம் படித்துக் காட்டினேன். அவன் பென்சிலை வாங்கி, மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு, நிரூபிக்க என்னை வெளியே அழைத்துப் போனான்.